சரித்திரக் கதைகளில் ஆடையும் அமானிதமும்

கல்கியும் சாண்டில்யனும் காட்டிய சோழர் காலம், பாடநூல்கள் காட்டிய சோழர் காலத்தைவிடத் தமிழர் நெஞ்சில் ஆழப் பதிந்திருக்கிறது. ஆதலின் அத்தகைய கதைகளில் யார் எதை உடுத்தி நிற்கிறார் என்று வினவுவது வீண் ஆராய்ச்சி ஆகாது.

எம் முன்னாள் மாணவர் ஒருவர் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பணிபுரிகிறார். தாம் எழுதிய சரித்திரக் காதற்கதை ஒன்றை அண்மையில் திருப்பாச்சூரிலுள்ள எம் இல்லத்திற்குக் கொணர்ந்து கருத்துக் கேட்டார். கதை நிகழ்வது பத்தாம் நூற்றாண்டில். நாயகன் பழவேற்காட்டுக் கரையில் வாழும் அரபு வணிகரின் மகன். தாய் தமிழ்ப் பெண். நடை நன்றாகவே இருந்தது. ஆனால் நாயகன் சிவப்புத் துருக்கித் தொப்பியும் கட்டம் போட்ட கைலியும் அணிந்து வந்தான். தாய் கறுப்புப் புர்காவில் இருந்தார். நாயகியோ ரவிக்கை அணிந்து, முந்தானையைத் தோளில் இட்டிருந்தாள். நாம் தயங்கியதைக் கண்டு, “ஹஜ்ரத், கதைதானே! ஆடையில் என்ன இருக்கிறது?” என்றார். அவ்வினாவுக்கு விடையாகவே இதனை எழுதுகிறோம்.

துருக்கித் தொப்பியை உதுமானியப் பேரரசில் அரசு உடையாக்கியவர் சுல்தான் இரண்டாம் மஹ்மூத். காலம் 1829ஐ ஒட்டியது. கட்டக் கைலியின் புகழ் பழவேற்காட்டுக்கே உரியதுதான். 1610இல் டச்சுக்காரர் அங்குக் கால்கொண்ட பின் அவ்வட்டாரத் துணிகள் கீழைத் தீவுகளுக்குப் பெருமளவில் கப்பலேறின. மலாய் மக்கள் இன்றும் கட்டக் கைலியை அவ்வூரின் பெயராலேயே ‘காயின் பெலெக்காத்’ என்கின்றனர். ஆயினும் அப்புகழ் கதை நிகழும் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டது. ஊர் சரியாக அமைந்தும் காலம் பிழையாயிற்று.

அக்காலத்து ஆடைக்குச் சான்றே இல்லை என்று எவரும் சொல்ல இயலாது. ஹிஜ்ரி 237இல், அதாவது 851இல், தொகுக்கப்பெற்ற ‘அக்பாருஸ் ஸீன் வல் ஹிந்த்’ என்னும் அரபு நூல், இந்தியர் இரண்டு துணிகளை உடுத்துவர் என்றும், ஆடவரும் பெண்டிரும் பொன் வளையும் மணியும் பூணுவர் என்றும் பதிவு செய்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் 1931இல் வெளிப்பட்ட சோழர் கால ஓவியங்களில் ஆடல் மகளிர் இடைக்கு மேல் அணிகலன்களோடு மட்டுமே காணப்படுகின்றனர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, மஅபர் நாட்டில் தையற்காரருக்கு வேலையே இல்லை என்று வியந்தார். முல்லைப்பாட்டில் ‘மெய்ப்பை’ என்னும் சட்டை யவனர்க்கு உரியதாக வருகிறது. தைத்த உடை அறியப்படாததன்று. அயலாரின் அடையாளமாக அது அறியப்பட்டிருந்தது.

இங்கேதான் நம் சமுதாயத்தைத் தொடும் செய்தி இருக்கிறது. ‘கடல் புறா’வில் சாண்டில்யன் அமீர் என்னும் அரபியரை நாயகனின் துணைவராகப் படைத்தார், அது பாராட்டத்தக்கது. ஆனால் பொதுவாக நம் சரித்திரக் கதைகளிலும் அவற்றின் படங்களிலும் திரைக்காட்சிகளிலும் முஸ்லிம் என்றால் நீண்ட அங்கி, பெருந்தலைப்பாகை, இடையில் குத்துவாள் என்றொரு வேடம் நிலைத்துவிட்டது. அன்று கப்பலிலிருந்து இறங்கியவருக்கு அது ஓரளவு பொருந்தலாம். இம்மண்ணில் தமிழ்த் தாய்க்குப் பிறந்தவனுக்கும் அதையே அணிவித்தால், எத்தனை தலைமுறை கடந்தாலும் அவன் அந்நியனாகவே நிற்பான். துருக்கித் தொப்பியின் வழியே எம் மாணவரும் அறியாமல் அதையே செய்திருந்தார்.

இப்னு பதூதாவின் பயணநூல் வேறொரு காட்சியைத் தருகிறது. பதினான்காம் நூற்றாண்டில் மாலத்தீவு முஸ்லிம்கள் கால்சட்டைக்கு மாற்றாக இடுப்பில் துணி கட்டி, முதுகில் இஹ்ராம் உடை போன்ற மேல்துணி இட்டிருந்தனர் என்கிறார் அவர். இஹ்ராமின் இஸாரும் ரிதாவும் தையலற்ற இரு துணிகள். நம் வேட்டியும் மேல்துண்டும் அவையே. இக்கோலத்தில் நாயகனை நிறுத்தினால் தந்தையின் மரபும் தாயின் மண்ணும் ஒருங்கே அவன் மேல் விளங்கும்.

பெண்களின் உடை குறித்துக் கூச்சம் எழுவது இயல்பு. நமக்கும் அது உண்டு. மாலத்தீவில் காழியாக இருந்த இப்னு பதூதா, இடைக்கு மேல் மறைக்காத பெண்டிரை ஆடை அணியச் செய்ய முயன்று தோற்றார். தமக்குப் பிடிக்காததையும் தம் தோல்வியையும் அவர் மறைக்காமல் எழுதினார். அதுவே அமானிதம். கதாசிரியர் உடலை வருணித்தாக வேண்டும் என்று எவரும் கட்டாயப்படுத்தவில்லை. துணியின் நிறத்தையும் கரையையும் அணிகளின் ஒலியையும் எழுதலாம். எஞ்சியதில் மௌனம் காக்கலாம். மௌனம் பொய்யாகாது, இல்லாத ரவிக்கையோ பொய்யாகும்.

சீறாப்புராணத்தில் உமறுப்புலவர் அரபு நாட்டைத் தமிழ் நிலமாகவே பாடினாரே என்று சிலர் கேட்கக்கூடும். அது காப்பிய மரபு. கேட்டோர் அனைவரும் அதை மரபென்றே அறிந்திருந்தனர். சரித்திர நாவலோ தன்னை நம்பும்படி கேட்கிறது. ‘பொன்னியின் செல்வன்’ முடிவுரையில் கதைமாந்தரின் பிற்கால வாழ்வை வரலாற்றின் துணைகொண்டு கல்கி விளக்கியதும் அந்நம்பிக்கையை மதித்தே. அறிவிப்பாளர் வரிசையை ஆராய்ந்து செய்தியை ஏற்கும் மரபில் வந்த நாம், ஒரு தொப்பியின் வரிசையையேனும் ஆராயக் கடமைப்பட்டவர்கள். அரபு ஆடைப் பெயர்களுக்கென்றே டச்சு அறிஞர் டோசி 1845இல் அகராதி ஒன்றை வெளியிட்டார் என்பதையும் நம் இளம் எழுத்தாளர்கள் அறிதல் நலம்.

இவற்றையெல்லாம் கேட்ட மாணவர் தொப்பியையும் கைலியையும் ரவிக்கையையும் அடித்துவிட்டு, “தாய்க்கு என்ன உடுத்துவது, ஹஜ்ரத்?” என்றார். “சான்று கிட்டும்வரை துணியின் பெயரைச் சொல்லாதீர்கள், தம்பி. மகனைக் கடலுக்கு வழியனுப்பும் அவர் முகத்தையும் குரலையும் எழுதுங்கள்” என்றோம்.