நிலம் இல்லாத படம்

சுவை என்னும் சொல் தமிழில் நாவுக்கும் உரியது, நூலுக்கும் உரியது. அறுசுவை உண்டியைக் குறிக்கும் அதே சொல்லால் கவிதை தரும் இன்பத்தையும் குறிப்பது தமிழர் வழக்கு. தொல்காப்பியர் மெய்ப்பாடு என்று வகுத்ததை உரையாசிரியர்கள் சுவை என்ற சொல்லைக் கொண்டே விளக்கினர். ஆகவே, உண்ணும் இடத்தைப் பற்றிய ஆராய்ச்சி திறனாய்வுக்குப் புறம்பானது என்று ஒதுக்க வேண்டுவதில்லை.

வெளியூர் செல்வோர் உண்ணும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை இன்று பெரிதும் மாறியிருக்கிறது. முன்பு ஊராரைக் கேட்டு அறிந்தனர். கூட்டம் மிகுந்த கடையைக் கண்டு நுழைந்தனர். 2010 அக்டோபரில் இன்ஸ்டகிராம் தோன்றிய பின், படத்தில் எடுப்பாகத் தோன்றும் கடைகளைப் பட்டியலிட்டுக்கொண்டு புறப்படுவது வழக்கமாயிற்று. சிங்கப்பூர் செல்லும் பயணியர் பலர், ஹாஜி லேனில் ஒரு கஃபே, தியோங் பாருவில் ஒன்று, லிட்டில் இந்தியாவின் ஓரத்தில் ஒன்று என்று ஒரே நாளில் சுற்றி முடிக்கின்றனர். உண்டது எது என்ற வினா போய், எடுத்தது எது என்ற வினா வந்துவிட்டது. இதனை இளையோரின் வீண் ஆரவாரம் என்று பழிப்பது எளிது. ஆனால் பழிப்பு திறனாய்வு ஆகாது. படம் எடுப்பதும் ஒரு கலையே. அக்கலை எதனைக் காட்டுகிறது, எதனை மறைக்கிறது என்று நோக்குவதே முறையாகும்.

படத்துக்கென அமைந்த கடை

இத்தகைய கஃபேக்களின் அமைப்பைக் கூர்ந்து நோக்கினால், அவை கண்ணுக்காக மட்டுமன்றிக் கைப்பேசியின் கண்ணாடி வில்லைக்காகவும் கட்டப்பட்டவை என்பது புலனாகும். பெரிய சன்னல் வழியே ஒளி பக்கவாட்டில் விழுகிறது. வெண்சுவர் அவ்வொளியைத் திருப்பி அனுப்பி நிழலை மென்மையாக்குகிறது. வெளிர்நிற மேசையின்மேல் கோப்பையை வைத்து, மேலிருந்து நேர்கீழாக எடுத்தால் வட்டமும் நிறமும் எடுத்து நிற்கும். பாலின் நுண்ணுரையில் இலையோ இதயமோ வரையப்படுகிறது. அவ்வுருவம் சில நிமிடங்களில் கலைந்துவிடும். ஆதலால் படம் முதலில் எடுக்கப்பட வேண்டும், குடிப்பது பிறகு. சூடு ஆறிய பின்னரே நாவின் முறை வருகிறது.

இவ்வமைப்பு எந்த ஊருக்கும் தனி உரிமையானதன்று. அமெரிக்க எழுத்தாளர் கைல் சேய்க்கா 2016இல் எழுதிய கட்டுரை ஒன்றில், உலகின் பல நகரங்களிலும் கஃபேக்கள் ஒன்றுபோலவே தோன்றத் தொடங்கிவிட்டதை எடுத்துக்காட்டி, அதற்கு ‘ஏர்ஸ்பேஸ்’ என்று பெயரிட்டார். 2024இல் வெளியான ‘ஃபில்டர்வேர்ல்டு’ என்னும் நூலில் அக்கருத்தை மேலும் விரித்தார். யாரும் கட்டளையிடாமலே இவ்வொருமை நேர்ந்தது என்பது கருதத்தக்கது. விரும்பப்பட்ட படம் பலர் கண்ணில் படுகிறது. அதைக் கண்டவர் அதுபோன்ற கடையைத் தேடுகின்றனர். தேடுவோர்க்கு ஏற்பக் கடைக்காரர் சுவரை வெள்ளையடிக்கிறார். இவ்வாறு, ஊரைக் காணப் புறப்பட்டவர் எல்லா ஊருக்கும் பொதுவான ஓர் அறைக்குள் போய் அமர்கிறார்.

தொல்காப்பியர் தரும் அளவுகோல்

இதனை மதிப்பிடத் தமிழில் ஓர் அளவுகோல் உண்டு. அகத்திணைப் பாடலுக்குரிய பொருளை முதல், கரு, உரி என மூன்றாகத் தொல்காப்பியர் பகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தில் தோன்றும் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், பண் முதலியவை கருப்பொருள். மாந்தர் நெஞ்சின் ஒழுக்கங்களாகிய கூடல், பிரிவு, காத்திருத்தல், இரங்கல், ஊடல் ஆகியவை உரிப்பொருள்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. உணவையும் தொழிலையும் அவர் ஒரே இனத்தில் வைத்தார். தினையைச் சொன்னால் தினைப்புனம் காப்பதும் உடன் வரும். மீனைச் சொன்னால் வலை வீசுவதும் உடன் வரும். உணவு எங்கிருந்து, எவர் உழைப்பால் வந்தது என்பது சொல்லாமலே விளங்கும். படக்கடையின் படத்திலோ உணவு நடுவில் நிற்கிறது; தொழில் சட்டத்துக்கு வெளியே தள்ளப்படுகிறது. அடுப்படி இல்லை, கழுவுவோர் கை இல்லை, தெரு இல்லை, பொழுதும் இல்லை. நிலத்திலிருந்து பெயர்த்தெடுத்த கருப்பொருள் அது.

‘சிங்கப்பூரில் நிலத்துக்குரிய உணவு எது? எல்லாம் கப்பலேறி வந்தவைதாமே’ என்று ஒருவர் வினவலாம். வினா நியாயமானதே. அங்குள்ள காப்பிக்கடையின் கொட்டையும் அயலிலிருந்து வருவதுதான். சர்க்கரையும் மார்கரீனும் சேர்த்து வறுத்து, துணிப்பையில் வடிகட்டி, நீண்ட மூக்குடைய குவளையிலிருந்து ஊற்றுகின்றனர். ‘கோப்பி ஓ கோசோங்’ என்று ஒருவர் கேட்டால், முதற்சொல்லும் கடைச்சொல்லும் மலாய், இடைச்சொல் ஹொக்கியன். பாலும் இனிப்பும் வேண்டா என்பது பொருள். ஆயினும் இக்கலப்பைத் தொல்காப்பியர் குற்றமென்னார். ஒரு திணைக்குரிய கருப்பொருள் பிறிதொன்றில் மயங்கி வருதலை அவர் ஏற்றுக்கொண்டவர். உரிப்பொருள் அல்லாதவை மயங்கவும் பெறும் என்றார். ஆகவே, காணவேண்டியது உணவு எங்கே பிறந்தது என்பதன்று. அவ்விடத்து மாந்தரின் ஒழுக்கத்தோடு அது ஒட்டியிருக்கிறதா என்பதே. கோப்பி கேட்கும் அந்த மூன்று சொற்களுக்குள் பல்லினத்தார் அருகருகே வாழ்ந்த வாழ்வு அடங்கியிருக்கிறது. நுண்ணுரை இலையில் அது இல்லை.

சிராங்கூன் சாலையில்

லிட்டில் இந்தியாவில் மிகுதியாகப் படமெடுக்கப்படும் கட்டடங்களுள் ஒன்று, கெர்பாவ் சாலை 37ஆம் எண்ணில் உள்ள தான் தெங் நியா இல்லம். 1900ஆம் ஆண்டில் கட்டப்பட்ட இவ்வில்லத்தில் எட்டு அறைகள் உண்டு. அப்பகுதியில் எஞ்சி நிற்கும் சீன மாளிகை இது ஒன்றே. சன்னலுக்கு ஒரு நிறம், கதவுக்கு ஒரு நிறம் என வானவில்போல் விளங்கும் இவ்வண்ணங்கள் பிற்காலத்துப் பூச்சு. அவ்வண்ணத்தின்முன் நின்று படமெடுப்போர் பலர். அவ்வீட்டுக்குரியவர் மிட்டாய்த் தொழில் செய்த வணிகர் என்பதை அறிந்தவர் சிலர். வீட்டின் பின்புறத் தொழில் மறைந்து, முன்புற நிறம் மட்டும் நிலைத்துவிட்டது.

கெர்பாவ் என்பது எருமையைக் குறிக்கும் மலாய்ச் சொல். அருகிலேயே எருமைச் சாலை என்னும் பொருள்படும் பஃபலோ சாலையும் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே கால்நடை வாணிகம் ஓங்கியிருந்ததை இப்பெயர்கள் உணர்த்துகின்றன. ‘தேக்கா’ என்பதோ மூங்கிலடி என்னும் பொருளுடைய ஹொக்கியன் சொல்லின் திரிபு. 1915இல் எழுந்த தேக்காச் சந்தை, 1982இல் சிராங்கூன் சாலையின் எதிர்ப்புறத்துக்கு இடம்பெயர்ந்தது. 1947இல் தொடங்கிய கோமள விலாஸ் அதே சாலையில் வாழையிலையில் சோறு படைத்து வருகிறது. இவ்விடங்களிலும் படம் எடுக்கலாம். ஆயின் எடுத்த படத்தில் இலையோடு சாம்பார் வாளியும், வாளியோடு பரிமாறும் கையும், கையோடு பின்னால் காத்து நிற்போரும் தாமே வந்து புகுவர். ஒதுக்க நினைத்தாலும் ஒதுங்கமாட்டார்கள். அதுவே அப்படத்தின் பெருமை.

ஜூரோங் காட்டும் உண்மை

படம் எடுப்போர் பட்டியலில் பெரும்பாலும் இடம்பெறாத ஊர் ஜூரோங். சதுப்பும் மேடுமாய்க் கிடந்த அந்நிலத்தைத் தொழிற்பேட்டையாக்க 1960களின் தொடக்கத்தில் கோ கெங் சுவீ முனைந்தபோது, ‘கோவின் மடமை’ என்று நகைத்தவர்கள் உண்டு. அங்கே தேசிய இரும்பு எஃகு ஆலை 1963இல் இயங்கத் தொடங்கியது. ஜூரோங் நகராண்மைக் கழகம் 1968 ஜூனில் அமைந்தது. ஆலை மட்டும் இருந்தால் மக்கள் குடியேறார் என்று கண்ட அரசு, எழிலையும் அங்கே திட்டமிட்டு வளர்த்தது. 1971 ஜனவரியில் பறவைப் பூங்கா திறந்தது. 1974இல் ஜப்பானியத் தோட்டமும், 1975இல் ஏழடுக்குக் கோபுரத்தோடு சீனத் தோட்டமும் எழுந்தன. மணமக்கள் அச்சீனத் தோட்டத்தைத் தேடிச் சென்று படமெடுத்துக்கொண்டது ஒரு காலத்து வழக்கம். படத்துக்கு எடுப்பான இடம் என்பது ஜூரோங்குக்குப் புதிதன்று.

ஆனால் இவ்வெழில் தொழிலுக்குப் பக்கத்தில் நின்றது; தொழிலை மறைத்து நிற்கவில்லை. தோட்டத்துக்கு வந்தவர்களுள் ஆலைத் தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தாரும் இருந்தனர். பறவைப் பூங்கா 2023 ஜனவரியில் மூடப்பட்டுப் பறவைகள் மண்டாய்க்குப் பெயர்ந்தன. தோட்டங்கள் இரண்டும் புதுப்பிக்கப்பட்டு 2024 செப்டம்பரில் மீண்டும் திறந்தன. தாமான் ஜூரோங் போன்ற குடியிருப்புகளின் உணவங்காடி நிலையங்களில் வேலைக்குப் போவோரும் வேலை முடிந்து வருவோரும் ஒரே மேசையில் உண்கின்றனர்.

ஜூரோங்கின் இன்னொரு முகம் வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகள். தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த கட்டுமான, கப்பல்பட்டறை ஊழியர் பலர் அங்கே வாழ்கின்றனர். இவ்வூழியர்க்கென பெஞ்சுரு பொழுதுபோக்கு நிலையம் திறக்கப்பட்டது. எனினும் ஞாயிறு வந்தால் அவர்தம் கால் லிட்டில் இந்தியாவையே நாடும். 2020 ஏப்ரலில் கொரோனாத் தொற்றினால் விடுதிகள் அடைக்கப்பட்டபோது, அந்த ஞாயிறும் நெடுநாள் அவர்களுக்கு இல்லாமற்போயிற்று.

அவரும் படம் எடுக்கிறார். அதே கெர்பாவ் சாலையில், அதே வண்ண மாளிகையின்முன், நண்பர் கையில் கைப்பேசியைக் கொடுத்து நிற்கிறார். ஒளியும் சரியாக அமைவதில்லை. சட்டமும் நேராக இருப்பதில்லை. ஆனால் அப்படம் ஊரிலுள்ள தாய்க்கோ மனைவிக்கோ போய்ச் சேர்கிறது. உடல் நலமாக இருக்கிறது, நல்ல உடை இருக்கிறது, கவலை வேண்டா என்று அது சொல்கிறது. பொருள் தேடப் பிரிந்தவன் பிரிவாற்றியிருப்பவளுக்கு விடுக்கும் தூது அது. சங்கப் புலவர்கள் பாலையிலும் முல்லையிலும் பாடிய உரிப்பொருள் அங்கே தானாக வந்து அமைகிறது. ஒரே சுவர், இரண்டு படங்கள். ஒன்றில் சுவர் மட்டும் உண்டு. மற்றொன்றில் வாழ்வு உண்டு. கலை எது என்று முடிவு செய்வது கடினமன்று.

கஃபேக்களின் பக்கமும் நியாயம் உண்டு

ஆயினும் நடுநிலையோடு நோக்கின், கஃபேக்களுக்கும் சொல்ல இருக்கிறது. லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம், சைனாடவுன் ஆகிய பகுதிகள் 1989 ஜூலையில் பாதுகாக்கப்பட்ட வட்டாரங்களாக அறிவிக்கப்பட்டன. 1930களில் எழத் தொடங்கிய தியோங் பாருக் குடியிருப்பின் ஒரு பகுதி 2003இல் அத்தகுதி பெற்றது. சட்டம் சுவரைக் காக்கும். சுவருக்குள் ஒரு தொழில் நடந்தாலன்றிக் கூரை நிலைக்காது. பழைய கடைவீடுகள் சிலவற்றில் விளக்கெரியக் கஃபேக்களும் காரணமாயின. தனியே வரும் பெண்ணொருத்தி எவர் பார்வைக்கும் அஞ்சாமல் ஒரு கோப்பையோடு ஒரு மணி நேரம் அமரக்கூடிய இடமாகவும் அவை விளங்குகின்றன. இவை சிறிய நன்மைகள் அல்ல.

ஆனால் இழக்கக்கூடியது பெரிது. தெருவோரம் விற்றவர்களை 1970களிலும் 1980களிலும் சிங்கப்பூர் அரசு உணவங்காடி நிலையங்களில் குடியமர்த்தியது. அவ்வங்காடிப் பண்பாட்டை யுனெஸ்கோ 2020 டிசம்பரில் மானுடத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. இருந்தும் அங்கே அடுப்பின்முன் நிற்போர் பலர் முதுமையை நெருங்கியவர்கள். பிள்ளைகள் அத்தொழிலை ஏற்பது அரிதாகி வருகிறது. பயணியின் காசும் கண்ணும் எங்கே செல்கின்றனவோ அங்கேதான் அடுத்த தலைமுறையின் கையும் செல்லும். தொழிலைக் காட்டாத படம் கோடிக்கணக்கில் பெருகினால், அத்தொழிலும் ஒருநாள் காணாமற்போகும்.

படம் எடுக்கலாகாது என்று எவரும் சொல்லவில்லை. எடுக்கும் படத்தில் நிலம் இருக்கட்டும், பொழுது இருக்கட்டும், கடைக்காரரின் இசைவு பெற்று அவர் கையும் இருக்கட்டும். லிட்டில் இந்தியாவிலிருந்து ரயிலேறி ஜூரோங் வரை சென்று, தொழிலாளர் உண்ணும் மேசையில் ஒரு கோப்பி வாங்கி அமர்ந்தால், அவ்வூரை நிறுத்தி வைத்திருப்பது எது என்பது விளங்கும். சூடு ஆறுமுன் அதைக் குடித்துவிடுவதும் நன்று.