முடித்தபின் உரைத்தல்: சாகச விளையாட்டுகள் குறித்த விளையாடுநர் கருத்துரைகளும் ஓசூர் எல்லைநில வாசிப்பும்

ஆய்வுச்சுருக்கம்

கணினிவழிச் சாகச விளையாட்டு ஒன்றை ஆடி முடித்தவர் அதைப் பற்றி உரைக்கும் கருத்து, இன்றைய திறனாய்வின் புதிய வடிவங்களுள் ஒன்றாகும். அக்கருத்துரைகள் பெரும்பாலும் ஆடிய நேரம், கதைமறைப்பு, உணர்ச்சி நெகிழ்வு ஆகிய மூன்று அளவுகோல்களைச் சார்ந்து நிற்கின்றன. ‘வெண்பா’ (2023), ‘ராஜி’ (2020) ஆகிய இரு விளையாட்டுகளை முன்வைத்து அவ்வளவுகோல்களின் போதாமையை இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழ் யாப்பியலும் மெய்ப்பாட்டியலும் கூத்து மரபும் மாற்று அளவுகோல்களைத் தரவல்லவை என்பதையும், ஓசூர், கிருஷ்ணகிரி எல்லைநிலத்தில் நின்று வாசிக்கும்போது ‘வெண்பா’வின் பொருள் மாறுபடுகிறது என்பதையும் நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: சாகச விளையாட்டு, விளையாடுநர் கருத்துரை, வெண்பா, மெய்ப்பாடு, எல்லைநிலம், மொழியிழப்பு.

முன்னுரை

நூலுக்கும் திரைப்படத்துக்கும் தமிழில் திறனாய்வு மரபு உண்டு. கணினி விளையாட்டுக்கு அம்மரபு இன்னும் உருவாகவில்லை. ஆயினும் விளையாடுவோர் பேசாமல் இருப்பதில்லை. ஒன்றை முடித்த உடனே அது எத்தனை மணி நேரம் பிடித்தது, புதிர்கள் எவ்வாறு இருந்தன, முடிவு நிறைவளித்ததா என்று நண்பர்க்கு உரைக்கின்றனர். அடுத்தவர் எதை ஆடலாம் என்பதை அவ்வுரையே பெரிதும் முடிவு செய்கிறது. எனவே அதைப் பொழுதுபோக்குப் பேச்சு என்று ஒதுக்கிவிடுதல் பொருந்தாது.

இக்கட்டுரை களத்தரவுகளைத் தொகுத்த ஆய்வன்று; பனுவல்வழித் திறனாய்வு. ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதி இங்கு ஒரு வாசிப்பு நிலையாகக் கொள்ளப்படுகிறது. இத்தேர்வுக்குக் காரணம் உண்டு. பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஓசூர், சிப்காட் தொழிற்பேட்டையாலும் அசோக் லேலண்ட், டைட்டன், டி.வி.எஸ். மோட்டார் முதலிய ஆலைகளாலும் வளர்ந்த நகரம். 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்து உருவான கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழிகளாக வழங்குகின்றன. எல்லைக்கு அப்பால் உள்ள பெங்களூரோ இந்திய விளையாட்டுத் தொழிலின் தொடக்க மையங்களுள் ஒன்று. 1997இல் அங்குத் தொடங்கப்பட்ட துருவா இன்டராக்டிவ் நிறுவனத்தை 2019இல் ராக்ஸ்டார் நிறுவனம் வாங்கியது. விளையாட்டு உருவாகும் நகரத்துக்கு அருகிலும், மொழிகள் கலந்து வாழும் நிலத்திலும் நின்று வாசிக்கும் வாய்ப்பை இவ்வெல்லைநிலம் தருகிறது.

1. சாகச விளையாட்டும் ‘முடித்தல்’ என்னும் நிலையும்

சாகச விளையாட்டு என்னும் வகைப்பெயருக்கு மூலமாக அமைந்தது வில் குரோதர் 1976இல் எழுதிய குகைப் பயண விளையாட்டு ஆகும். அமெரிக்காவின் கென்டகியில் உள்ள மாமத் குகையைத் தாம் ஆராய்ந்து பெற்ற அறிவைக் கொண்டு அவர் அதனை அமைத்தார்; மறு ஆண்டு டான் உட்ஸ் அதை விரிவாக்கினார். படங்கள் அதில் இல்லை. சொற்களாலேயே இடம் விவரிக்கப்பட்டது. சொற்களாலேயே விளையாடுநர் கட்டளை இட்டார். சாகச விளையாட்டு தன் பிறப்பிலேயே வாசிப்பைச் சார்ந்தது என்பது தமிழ் ஆய்வாளர் கருதத்தக்கது.

இவ்வகையில் வெல்லுதல், தோற்றல் என்பவற்றைவிட முடித்தல் என்பதே முதன்மை பெறுகிறது. பந்தயத்தையும் சீட்டாட்டத்தையும் எத்தனை முறையும் ஆடலாம். முடித்தேன் என்று எவரும் கூறுவதில்லை. சாகச விளையாட்டையோ நாவலைப் போல முடித்தேன் என்கிறோம். ஆகவே முடித்தபின் உரைக்கும் கருத்து, முழுமையை நோக்கிய கருத்தாக அமைய வேண்டும். அவ்வாறு அமைகிறதா என்பதே ஆராயத்தக்க வினா.

2. நேரம் என்னும் அளவுகோல்

டொரன்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் நிறுவனம் 2023 ஜூலை 31 அன்று ‘வெண்பா’வை வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா என்னும் தமிழ்ப் பெண், அவள் கணவன் பாவலன், மகன் கவின் ஆகியோரின் வாழ்வைச் சமையல் வழியாகக் கூறும் படைப்பு இது. தாயிடமிருந்து வந்த சமையற்குறிப்பேடு சிதைந்துள்ளது. அழிந்த வரிகளை ஊகித்து இட்லி, புட்டு, பிரியாணி முதலியவற்றைச் செய்து முடிப்பதே விளையாடுநர் எதிர்கொள்ளும் புதிர். 2024இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக விளையாட்டு விருதையும், தற்சார்பு விளையாட்டு விழாவின் தலையாய விருதையும் இது பெற்றது.

பாராட்டுகளோடு பரவலாக எழுந்த குறை, இது மிகவும் சிறியது என்பது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் இதை முடித்துவிடலாம். கொடுத்த விலைக்கு எத்தனை மணி நேரம் கிடைத்தது என்று கணக்கிடும் வழக்கம் விளையாடுநரிடையே வேரூன்றியது. இதற்குச் சந்தைக் காரணமும் உண்டு. ஸ்டீம் விற்பனைத் தளத்தில், வாங்கிய 14 நாள்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கோரலாம். நுகர்வோர்க்குப் பாதுகாப்பான இவ்விதி, இரண்டு மணி நேரத்துக்கும் குறைந்த படைப்பை முழுப் படைப்பாக எண்ணாத மனநிலைக்கும் துணைபோகிறது.

இவ்வளவுகோலைப் படைப்பின் பெயரே மறுக்கிறது. வெண்பாவுக்கு ஒரே நீளம் வரையறுக்கப்படவில்லை. இரண்டடியால் அமைவது குறள் வெண்பா; பன்னிரண்டடி வரை செல்வது பஃறொடை; அதற்கு மேற்பட்டது கலிவெண்பா. எத்தனை அடியாயினும் மாறாதது முடிப்பு. ஏனைய அடிகள் நாற்சீர் பெற, ஈற்றடி முச்சீரால் அமைந்து, நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றால் முடிய வேண்டும். வெண்பா சிறியதா பெரியதா என்று யாப்பியலார் கேட்பதில்லை. தளை தட்டாமல் வந்து முறைப்படி முடிந்ததா என்றே கேட்பர்.

இவ்வினாவை ‘ராஜி’யிடம் எழுப்பிப் பார்க்கலாம். புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் உருவாக்கிய இவ்விளையாட்டில், அசுரரால் கவரப்பட்ட தம்பி கோலுவை மீட்க ராஜி என்னும் பெண் புறப்படுகிறாள். துர்க்கையும் திருமாலும் உரையாடிக் கதையை நடத்திச் செல்கின்றனர். ஆடும் நேரம் ‘வெண்பா’வைப் போலப் பன்மடங்கு. ஆயினும் முடிவு திடீரென அறுந்து நிற்கிறது என்பது பலர் கூறிய குறை. இக்குறையே யாப்பு நோக்கில் சரியான குறை. ‘ராஜி’ அடிகளால் நீண்டு ஈற்றுச்சீர் பெறாமல் நிற்கிறது. ‘வெண்பா’ அடிகளால் குறுகி ஈற்றுச்சீர் பெற்று முடிகிறது. மணிக்கணக்கு மட்டும் கொண்டு நோக்குவோர்க்கு இவ்வேறுபாடு புலப்படாது.

3. கதைமறைப்பும் கூத்து மரபும்

கதையை வெளிப்படுத்தாமல் கருத்துரைத்தல் விளையாடுநரிடையே நாகரிகமாகக் கருதப்படுகிறது. அடுத்தவரின் வியப்பைக் கெடுக்கலாகாது என்னும் நோக்கம் நன்றே. எனினும் இந்நாகரிகம் திறனாய்வைக் குறுக்கிவிடுகிறது. முடிவைப் பேசாமல் முடிவு நன்று என்று கூறுவது மதிப்புரையாகுமே அன்றித் திறனாய்வாகாது.

கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து பல இரவுகள் நடைபெறுகிறது. துரியோதனன் படுகளத்தில் வீழ்வான் என்பதை அறியாமல் அங்கு வந்து அமர்வார் எவருமில்லை. விடிந்தபின் அவர்கள் பேசுவது ‘என்ன நடந்தது’ என்பதன்று. ‘எப்படி நடத்தினர்’ என்பதே. வேடம் கட்டியவரின் அடவு, பாடியவரின் குரல், சென்ற ஆண்டு ஆட்டத்தோடு ஒப்பு ஆகியன அவர்தம் பேச்சில் இடம்பெறுகின்றன. கதை அறிந்த அவை, கூறுமுறையை மதிப்பிடும் உரிமையைப் பெறுகிறது. கருத்துரையை இரு நிலைகளாகப் பிரித்துக்கொள்ளுதல் இதற்குத் தீர்வாகலாம்: ஆடப்போவோர்க்கு உரைப்பது ஒன்று, ஆடி முடித்தோர் தமக்குள் உரைப்பது மற்றொன்று. முதலாவதில் மறைப்பு தேவை. இரண்டாவதில் அது தடை.

4. மெய்ப்பாட்டு நோக்கு

‘வெண்பா’ கண்ணீரை வரவழைத்தது என்பதே பலர் உரைத்த புகழ்ச்சி. தொல்காப்பியம் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் இது அழுகையின்பாற்படும். ஆனால் தொல்காப்பியர் அழுகை என்று கூறி அமைந்துவிடவில்லை. இளிவு, இழவு, அசைவு, வறுமை என அதன் நிலைக்களன்கள் நான்கையும் வகுத்தார். எந்தக் காரணத்தால் பிறந்த கண்ணீர் என்று பிரித்தறிவதே திறனாய்வு.

‘வெண்பா’வில் இந்நான்கும் வெவ்வேறிடங்களில் அமைகின்றன. புலம்பெயர்ந்த நாட்டில் தகுதிக்கேற்ற பணி கிட்டாமை அசைவு. பண்டைய நிலையினின்று தாழ்தல். பொருள்முட்டுப்பாடு வறுமை. பள்ளித் தோழர்முன் தன் வீட்டுணவைக் குறித்து மகன் கொள்ளும் கூச்சம் இளிவு. மொழி கைவிட்டுப்போதல் இழவு. கவினின் செவிவழிக் கேட்கும்போது தாயின் தமிழ்ச் சொற்கள் சில அவனுக்கு விளங்காதவையாகவே திரையில் நிற்கின்றன; வளர்ந்தபின் தாயின் தமிழ்க் குறிப்பைத் தானே படிக்க முயன்று இடர்ப்படுகிறான். இங்குப் புதிர் என்பது பூட்டும் சாவியும் அன்று, தாய்மொழியே புதிராகிவிட்டது. விளையாட்டு வடிவத்துக்கே உரிய கூறுமுறை இது. நாவல் இதை விவரிக்கலாம். விளையாட்டோ விளையாடுநரையே அத்தடுமாற்றத்துள் நிறுத்துகிறது.

சாகச வகையின் அடிப்படை மெய்ப்பாடு மருட்கை. அதன் நிலைக்களன்கள் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பன. ‘ராஜி’ பெருமையால் வியக்கச் செய்கிறது. மாளிகைகளும் சிலைகளும் விளையாடுநரைச் சிற்றுருவாக்குகின்றன. ‘வெண்பா’ சிறுமையால், அதாவது நுண்மையால், வியக்கச் செய்கிறது. இட்லித் தட்டை அடுக்கும் முறையும் புட்டுக் குழலில் மாவும் தேங்காயும் நிரப்பும் வரிசையும் வியப்புக்குரியனவாகின்றன. இதனைச் சாகச விளையாட்டு அன்று என்று ஒதுக்குவோர், மருட்கையின் நான்கு வாயில்களுள் பெருமை ஒன்றையே அறிந்தவராவர்.

5. எல்லைநிலத்திலிருந்து ‘வெண்பா’

தமிழ் பேசும் விளையாடுநர் பெரும்பாலும் தம்மை வெண்பாவாகவே காண்பர். தமிழ் இங்கு இழக்கப்படும் மொழி, அதைக் காப்பவள் தாய், மறப்பவன் மகன். உலக அரங்கில் தமிழ் உணவும் தமிழ்த் திரையிசையின் சாயலும் இடம்பெற்றதால் எழும் பெருமிதமும் இவ்வாசிப்போடு சேர்ந்துகொள்கிறது. இது பிழையான வாசிப்பன்று; முழுமையான வாசிப்பும் அன்று.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளிப் பகுதிகளில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குடும்பங்கள் பல. தமிழ் அக்குழந்தைகளுக்குப் பள்ளியின், அலுவலகத்தின் மொழி. 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயப் பாடமாக்கியபோது, மொழிச் சிறுபான்மையினர் விலக்குக் கோரி நீதிமன்றம் வரை சென்றனர். மாநில மொழியை அனைவரும் கற்க வேண்டும் என்பதற்கு நியாயம் உண்டு. பாட்டியின் மொழியில் எழுதப்படிக்க அறியாமல் ஒரு தலைமுறை வளர்வதில் இழவும் உண்டு. இந்நிலத்தில் கவினின் இடத்தில் நிற்பவன் தெலுங்கு வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம்; அவனுக்கு விளங்காமற்போகும் சொல் தெலுங்குச் சொல்லாகவும், அவ்விடத்தை நிரப்பும் மொழி தமிழாகவும் இருக்கலாம். கனடாவில் ஆங்கிலம் வகிக்கும் இடத்தை இங்குத் தமிழ் வகிக்கிறது.

இரு நிலைகளையும் முற்றும் ஒப்பிட்டுவிட முடியாது. தமிழே ஆங்கிலத்தின் நெருக்கடிக்கு உட்பட்ட மொழி. எல்லைக்கு அப்பால் பெங்களூரில் அதுவும் சிறுபான்மை மொழி. காலையில் தமிழகத்தில் பெரும்பான்மையினராகப் பேருந்து ஏறி, ஒரு மணி நேரத்தில் கர்நாடகத்தில் சிறுபான்மையினராக இறங்குவோர்க்கு, தாயின் நிலையும் மகனின் நிலையும் ஒரே நாளில் வாய்க்கின்றன. ஆகவேதான் எல்லைநில வாசிப்பு ‘வெண்பா’வின் ஒரு குறையையும் வெளிக்கொணர்கிறது. மகன் தாயின் மொழியை நோக்கித் திரும்புவதை விளையாட்டு விரிவாகக் காட்டுகிறது. மகனின் மொழியுலகத்துள் தாய் நுழைவதற்கான புதிர் எதையும் அந்த அளவுக்கு அமைக்கவில்லை. கற்கும் கடமை ஒருவழிப்பட்டதாகவே நிற்கிறது. அண்டை வீட்டாரோடு பேச ஒவ்வொருவரும் இரண்டாம் மொழி ஒன்றைக் கற்றுக்கொண்ட நிலத்தில் இக்குறை எளிதில் கண்ணில் படும்.

முடிவுரை

முடித்தபின் உரைக்கும் கருத்து திறனாய்வாக உயர மூன்று மாற்றங்கள் தேவை. நேரத்தை அளப்பதற்கு மாறாக முடிப்பின் செம்மையை அளத்தல் முதலாவது. முடித்தோர்க்கிடையே கதைமறைப்பைக் கைவிட்டுக் கூறுமுறையைப் பேசுதல் இரண்டாவது. உணர்ச்சியின் பெயரோடு நில்லாமல் அதன் நிலைக்களனைச் சுட்டுதல் மூன்றாவது. இவற்றுக்கான கலைச்சொற்கள் யாப்பியலிலும் மெய்ப்பாட்டியலிலும் கூத்து மரபிலும் முன்பே உள்ளன. புதியன தேடி அலைய வேண்டுவதில்லை.

இவற்றோடு, எந்த நிலத்தில் நின்று ஆடினோம் என்பதையும் கருத்துரை கூற வேண்டும். டொரன்டோவில் நின்றால் தமிழ் இழப்பின் மொழி. சென்னையில் நின்றால் பெருமிதத்தின் மொழி. ஓசூரில் நின்றால் அவ்விரண்டோடு, பிறர் இழப்புக்குப் பொறுப்பேற்க வேண்டிய மொழியும் ஆகும். ஓசூர், கிருஷ்ணகிரிக் கல்லூரிகளின் தமிழ்த் துறைகளில் வீட்டில் வேறு மொழி பேசும் மாணவரும் பயில்கின்றனர். அவர்கள் ‘வெண்பா’வை ஆடி முடித்து, தாயின் பக்கம் நின்றனரா மகனின் பக்கம் நின்றனரா என்று எழுதும் கட்டுரைகள், விளையாட்டுத் திறனாய்வுக்கு மட்டுமன்றித் தமிழ் கற்பித்தலுக்கும் பயன்படும்.