லிட்டர் கணக்கில் ஒளிந்திருக்கும் பொய்

எங்க வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு சர்ஃப் போர்டு கிடக்கு. 6 அடி 2 அங்குலம், 38 லிட்டர். நாகமலை புதுக்கோட்டையில் இதை வைத்து என்ன செய்வது என்று வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். அத்தை பையன் வாங்கியது. இரண்டு முறை கடலுக்குப் போச்சு. இரண்டு முறையும் அவனால் ஒரு அலையைக்கூடப் பிடிக்க முடியல.

அவன் யோசிக்காமல் வாங்கவில்லை. அதுதான் விஷயமே. போர்டு விற்கும் தளங்களில் இருக்கும் லிட்டர் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் வாங்கினான். அந்தக் கணக்கு எளிமையானது. உங்கள் எடையை உங்கள் நிலைக்குரிய ஒரு எண்ணால் பெருக்கணும். புதியவர் என்றால் ஒன்று அல்லது கொஞ்சம் மேலே. இடைநிலை என்றால் அரைக்குக் கொஞ்சம் மேலே. அவன் எடை 68 கிலோ. 'இடைநிலை' என்பதை அழுத்தினான். 38 வந்தது. 'புதியவர்' என்று அழுத்தியிருந்தால் 75 வந்திருக்கும். ஒரே ஆள், ஒரே கடல், விடை மட்டும் இரண்டு மடங்கு.

75 லிட்டர் பலகை உப்புத்தண்ணீரில் ஏறக்குறைய 77 கிலோவைத் தாங்கும். பலகையின் எடை 7 கிலோ போனால் 70 மிச்சம். 68 கிலோ ஆள் படுத்தாலும் மிதக்கும். 38 லிட்டர் பலகை தாங்குவது அதில் பாதிதான். ஆள் படுத்ததும் பலகை தண்ணீருக்குள் அமுங்கிவிடும், நெஞ்சும் வயிறும் தண்ணீரை இழுத்துக்கொண்டு போகும். கையால் எவ்வளவு துழாவினாலும் அலையின் வேகம் வராது. அலை நம்மைத் தாண்டிப் போய்விடும். எழுந்து நிற்பதெல்லாம் அதற்குப் பிறகு வரும் கதை.

ஆக, கணக்கில் தப்பில்லை. அதில் போட்ட ஒரு வார்த்தையில்தான் தப்பு. எடையை எடைமெஷின் சொல்லிவிடும். நிலையை யார் சொல்வது? நாமே. சின்ன வயசிலிருந்து கிணற்றில் நீச்சல் அடித்தவன், ஒரு வார இறுதிப் பயிற்சியில் ஆறு தடவை எழுந்து நின்றவன், தன்னைப் புதியவன் என்று எப்படி ஒத்துக்கொள்வான்? அவன் நின்றது உடைந்து நுரையாக வந்த அலையில், பயிற்சியாளர் பின்னாலிருந்து தள்ளிவிட்டபோது. உடையாத அலையைத் தானே துழாவிப் பிடித்து, அதன் பக்கவாட்டில் இடமும் வலமும் போக முடிந்தால்தான் இடைநிலை. இந்த விளக்கத்தை அந்த 'இடைநிலை' பொத்தானுக்குப் பக்கத்திலேயே எழுதி வைத்தால் என்ன? 38 என்ற துல்லியமான எண், அதற்குள் போன ஊகத்தை மறைத்துவிடுகிறது.

இன்னொரு குறை, லிட்டர் ஒன்றே எல்லாம் என்று நினைக்க வைப்பது. ஹவாயின் பழைய அலாயா பலகை மெலிசான மரம்தான், மிதப்பு குறைவு. ஆனாலும் தேர்ந்தவர்கள் அதில் வழுக்கிப் போகிறார்கள். நம்ம கட்டுமரம் உயரமாக மிதக்கிற படகு இல்லை. மரங்களுக்கு நடுவே தண்ணீர் ஏறி இறங்கும். நீளமும் அகலமும்தான் அதை அலைவாய் தாண்ட வைக்கிறது. பலகையிலும் அப்படித்தான். நீளம் இருந்தால் வழுக்கும், அகலம் இருந்தால் கவிழாது. ஒரே 60 லிட்டரைக் குட்டையாகத் தடியாகவும் செய்யலாம், நீளமாக மெலிசாகவும் செய்யலாம். இரண்டும் ஒன்றல்ல.

'கோவளத்துப் பசங்க சின்ன போர்டுலதானே கலக்குறாங்க?' என்றான். சென்னைக்குத் தெற்கே இருக்கும் கோவளத்தில், மீனவரான மூர்த்தி மேகவனும் அருண் வாசுவும் 2012இல் சர்ஃபிங் பள்ளி தொடங்கினார்கள். அங்கே வளர்ந்த பிள்ளைகள் தேசியப் போட்டிகள் வரை போனார்கள். ஆனால் அவர்கள் பிறந்ததிலிருந்து தினம் கடலைப் பார்க்கிறவர்கள். எந்த அலை எங்கே உடையும் என்பது அவர்கள் கண்ணில் இருக்கு. வருஷத்துக்கு நாலு தடவை கடலைப் பார்க்கிற மதுரைக்காரனுக்கு அந்தக் கண் கிடையாது. அந்தக் குறையை ஈடுகட்டப் பெரிய பலகைதான் வேணும். உலகத்திலும் இப்படித்தான் நடந்தது. 1960களின் நடுவில் 9 அடிக்கு மேல் இருந்த பலகைகளை 1970க்குள் ஏழடிப் பக்கம் குறைத்தவர்கள் அலையில் ஏற்கெனவே தேர்ந்தவர்கள்.

அப்போ என்ன வாங்கலாம்? நடுத்தர உடம்புக்காரருக்கு முதலில் 8 முதல் 9 அடி, 22 அங்குல அகலம், மேலே மெத்தை போன்ற நுரை வைத்தது. மண்டையில் பட்டாலும் காயம் குறைவு. பெரிய பலகைக்கும் குறை உண்டு: வரும் அலைக்கு அடியில் அமுக்கிக்கொண்டு போக முடியாது, கைவிட்டால் பக்கத்தில் இருப்பவரை அடிக்கும். கால் கயிறு பலகை நீளத்துக்கு இருக்கணும், கூட்டமில்லாத இடத்தில் பழகணும். அடுத்த படி ஏழரை அடி. ஆறடிக்குத் தாவக் கூடாது.

நம்மைப் போல உள்நாட்டுக்காரருக்கு இன்னும் சரியான பதில், வாங்காமல் வாடகைக்கு எடுப்பது. ஒன்பதடிப் பலகையை எந்த பஸ்ஸில் ஏற்றுவது? சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்தால் ஓடு நுரையிலிருந்து பிரிந்து கொப்பளித்துவிடும். விற்கும் தளங்கள் இதை ஏன் சொல்லப்போகின்றன?

அத்தை பையன் அடுத்த மாசம் கோவளம் போறான். 9 அடி கேள், நிலை என்னன்னு கேட்டா புதுசுன்னு சொல்லுன்னு சொல்லி அனுப்பியிருக்கேன். முதல் பாதியை ஒத்துக்கொண்டான்.