ரீஸ்டார்ட் பண்ணினா மலை நகருமா?

சிம் போடுற ரூட்டர்ல நெட் வரலைன்னா என்ன செய்யணும்னு தமிழில் தேடிப் பாருங்க. கிடைக்கும் கட்டுரைகளும் காணொளிகளும் பெரும்பாலும் ஒரே பட்டியலைத்தான் ஒப்பிக்கின்றன: ரூட்டரை அணைத்துப் போடு, சிம்மைத் துடைத்துப் போடு, ஏபிஎன் சரிபார், ஃபேக்டரி ரீசெட் பண்ணு, கடைசியில் கஸ்டமர் கேருக்குப் பேசு. இதில் எதுவும் தனியாகப் பார்த்தால் தப்பில்லை. ஆனால் இந்தப் பட்டியல் எந்த ஊரை மனதில் வைத்து எழுதப்பட்டது என்பதுதான் கேள்வி.

தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரத்தை எடுத்துக்கொள்வோம். நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த இடம். எதிர்ப்பும் வழக்குமாகப் போன அந்தக் கதை தனி. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்த காரணம் மட்டும் இங்கே முக்கியம்: காஸ்மிக் கதிர்களை வடிகட்ட எல்லாத் திசையிலும் சுமார் 1 கிலோமீட்டர் பாறை வேண்டும், போடி மேற்கு மலை அதைத் தருகிறது. காஸ்மிக் கதிரையே வடிகட்டும் பாறை செல்போன் அலையை விடுமா? மலை விளிம்பில் அலை கொஞ்சம் வளைந்து வரும், அவ்வளவுதான். மலைக்கு இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் கோபுரமும் இருந்தால் எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் மலை அங்கேயேதான் இருக்கும்.

பட்டியல்களின் முதல் குறை, அளக்கச் சொல்லாமலே வைத்தியம் சொல்வது. ரூட்டர் முகப்பில் தெரியும் கோடுகள் அளவீடு அல்ல. எத்தனை கோடு காட்டுவது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அட்மின் பக்கத்தில் இரண்டு எண்கள் இருக்கும். ஆர்எஸ்ஆர்பி என்பது கோபுரத்து அலை எவ்வளவு பலமாக வந்து சேர்கிறது என்பது. மைனஸ் 80 நல்லது, மைனஸ் 100 சுமார், மைனஸ் 110-க்குக் கீழே போனால் திண்டாட்டம். 10 டிபி வித்தியாசம் என்றால் சக்தியில் 10 மடங்கு. எஸ்ஐஎன்ஆர் என்பது இரைச்சலுக்கு நடுவே அந்த அலை எவ்வளவு தெளிவு என்பது. 20-க்கு மேல் அருமை, பூஜ்யத்துக்குக் கீழே மோசம்.

இந்த இரண்டையும் பார்த்தாலே பாதி வழி தெரிந்துவிடும். பலமே இல்லையா? ரூட்டரை இரும்பு பீரோ பக்கத்திலிருந்தும் தகரக் கூரை அடியிலிருந்தும் நகர்த்தி, கோபுரம் இருக்கும் பக்கத்து ஜன்னலுக்கோ மொட்டை மாடிக்கோ கொண்டு போகணும். இந்தியாவில் 4ஜி 700, 850, 900, 1800, 2100, 2300 மெகாஹெர்ட்ஸ் என்று பல அலைவரிசைகளில் ஓடுகிறது. குறைந்த எண் தூரம் போகும், சுவரையும் மேட்டையும் ஓரளவு சமாளிக்கும். ரூட்டரில் அலைவரிசையைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் அதைச் செய்து பார்க்கலாம். பலம் இருக்கு, தெளிவு இல்லையா? பல கோபுரங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. திசை பார்க்கும் ஆன்டெனாவைத் திருப்பிப் பார்க்கணும். இரண்டும் நல்லா இருந்தும் ராத்திரி 8 மணிக்கு மட்டும் இழுக்குதா? பெரும்பாலும் கோபுரத்தில் கூட்டம். அதற்கு வீட்டில் வைத்தியம் கிடையாது.

அமைப்புகளைச் சரிபார்ப்பது இதற்குப் பிறகுதான். தினசரி டேட்டா தீர்ந்து வேகம் 64 கேபிபிஎஸ் ஆகிவிட்டதா? ரூட்டர் வேறு கம்பெனி சிம்முக்குப் பூட்டப்பட்டதா? ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது. ரூட்டர் 3ஜி-யில் நின்றால் பதிவே ஆகாது. மலையோர ஊர்களுக்கு இன்னொன்று உண்டு: உயரத்தில் இருக்கும் வீட்டு ரூட்டர் கேரள வட்டத்துக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளலாம். டேட்டா ரோமிங் அணைந்திருந்தால், சிக்னல் இருக்கும், நெட் இருக்காது. நான் பார்த்த எந்தப் பட்டியலிலும் இது இல்லை.

‘சாதாரண ஜனங்களுக்கு இந்த எண்ணெல்லாம் எதுக்கு?’ என்று கேட்கலாம். பால் சொசைட்டியில் கொழுப்பும் எஸ்என்எஃப்-பும் பார்த்து ‘காசு குறையுதே’ என்று சண்டை போடுகிறவர்களுக்கு மைனஸ் 105 புரியாதா என்ன? எண்ணைக் காட்டாத மலிவு மாடல்கள்தான் இங்கே உண்மையான தடை. வாங்கும்போதே அதைப் பார்த்துக்கணும்.

இதைவிடப் பெரிய குறை, பட்டியல் பழியை எங்கே வைக்கிறது என்பது. ஐந்து படியும் செய்து நெட் வராதவர், ‘நமக்குத்தான் தெரியலை போல’ என்று நினைத்து விட்டுவிடுவார். ஆனால் இன்று அரசாங்கமே சிக்னலை நம்பித்தான் வேலை வாங்குகிறது. நூறு நாள் வேலைக்கு வருகையைச் செயலியில் படத்தோடு பதிவது 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமானது. அங்கே சிக்னல் என்பது கூலி. டிராய் 2024-இல் கொண்டுவந்த தரவிதிகள்படி நிறுவனங்கள் கவரேஜ் வரைபடம் வெளியிட வேண்டும். வரைபடத்தில் ஊர் முழுக்க வண்ணம் பூசியிருக்கும். மலை நிழலில் இருக்கிற ஒரு தெருவுக்கு அந்த வண்ணம் சாட்சி ஆகாது.

ஆகவே ஒரு நல்ல வழிகாட்டியின் கடைசிப் படி ‘கஸ்டமர் கேருக்குப் பேசுங்க’ என்று முடியக்கூடாது. தேதி, நேரம், இடம், அலைவரிசை, அந்த இரண்டு எண்கள் இவற்றை ஒரு வாரம் நோட்டில் குறித்துப் புகாரோடு கொடுங்க என்று முடியணும். ‘நெட் ஸ்லோ’ என்ற புகாருக்கு ‘ரீஸ்டார்ட் பண்ணுங்க’ என்ற பதில் போதும். ஏழு நாளும் மைனஸ் 115 என்று எழுதிக் கொடுத்தால் அந்தப் பதில் செல்லாது.