தினையும் பனையும்

திருவள்ளுவ மாலையில் கபிலர் பெயரால் வழங்கும் வெண்பா, தினையளவும் இல்லாத புல்நுனி நீர், நெடும்பனையைக் காட்டுவதைக் குறளுக்கு உவமையாக்குகிறது. இதனை உயர்வு நவிற்சி என்று சொல்லிக் கடந்துவிடுதல் எளிது, பொருத்தமன்று. சிறுபொருளை அணுகிநின்று பெரிதாக்கிப் பிடிக்கும் நிழற்படங்களை நோக்குக. பனித்துளி ஒரு குவிவில்லை. அதனூடே ஒளி வளைந்து வர, பின்னே நிற்கும் மரம் முழுவதும் துளிக்குள் தலைகீழாகத் தோன்றும். புலவர் கண்டதையே பாடினார் எனலாம்.

ஆயினும் இத்தகைய படங்கள் யாவும் ஒரு தரத்தன அல்ல. ஜெர்மானியர் கார்ல் பிளாஸ்பெல்ட் 1928இல் வெளியிட்ட செடிப்படங்களில் பெரணித் தளிர், இரும்பில் வார்த்த வேலைப்பாடுபோல் சுருண்டு நிற்கிறது. வியப்புத்தான், ஆனால் தளிரின் சிறுமை எங்கே? தீக்குச்சித் தலையை மலையாக்கி, ‘இது என்ன?’ என்று வினவும் படமோ வெறும் விடுகதை. வெண்பா அவ்வாறு செய்யவில்லை. தினையையும் பனையையும் ஒருங்கே நிறுத்துகிறது. சிறியது சிறியதாகவே இருந்து பெரியதைக் காட்டுகிறது. அதன் அழகு அங்கேதான்.

உலு யாம் பக்கத்துத் தோட்டங்களில் பனை அரிது, செம்பனை உண்டு. அங்கு இப்பாட்டை நடத்துவோர், வெயில் ஏறுமுன் லாலாங் புல்லின் துளியில் அம்மரத்தைக் காட்டலாம். அது தலைகீழாய் நிற்பது ஏன் என்று பிள்ளைகளே கேட்பர்.