விரலில் கேட்கும் இரைச்சல்

காருக்கு அடியில் விடாமல் எழும் 'ம்ம்ம்' என்ற இரைச்சலைத் தேர்ந்த மெக்கானிக் தேடிப் பிடிக்கும் விதம் அழகானது. ஓட்டத்திலேயே கியரை நியூட்ரலுக்குத் தள்ளுவார். இன்ஜின் தணிந்தும் இரைச்சல் தணியாவிட்டால் சந்தேகம் சக்கரங்கள் பக்கம் திரும்பும். சாலையின் தளம் மாறும்போது ஒலியும் மாறினால் பெரும்பாலும் டயர், மாறாவிட்டால் பேரிங்.

அடுத்து ஸ்டியரிங்கை மெல்ல இடப்பக்கம் வளைப்பார். வண்டியின் பாரம் வலப்பக்கம் சாயும். அப்போது இரைச்சல் கூடினால், பழுது வலச் சக்கரத்தில் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

கடைசியில் ஜாக்கி போட்டுத் தூக்கி, ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, மறு கையைச் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் வைப்பார். தேய்ந்த பேரிங்கின் சொரசொரப்பு ஸ்பிரிங் வழியே விரலுக்கு வந்துவிடும். ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் குற்றவாளியைச் சுட்டும் இந்த நிதானம்தான் தொழிலின் மேன்மை. நல்ல பாகம் எதுவும் வீணாக மாற்றப்படுவதில்லை.