கோப்பைப் பூட்டி அனுப்ப நம்பகமான இலவச மென்பொருள் எது?

மறைகுறியாக்கம் என்பது, கடவுச்சொல் தெரிந்தவரைத் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி ஒரு கோப்பை மாற்றி வைப்பது. தென்காசி மாவட்டத்தின் வட்டத் தலைநகரான திருவேங்கடம் போன்ற ஊர்களில் இதன் தேவை அன்றாடமானது. பத்திர நகலும் ஆதாரும் ஜெராக்ஸ் கடைக்குப் போகின்றன. ஆலையின் சம்பளப் பட்டியல் கோவில்பட்டி ஆடிட்டருக்குப் போகிறது. வாட்ஸ்அப் 2016 முதல் முழு மறைகுறியாக்கத்துடன் இயங்குவதால் வழியில் யாரும் படிக்க முடியாது. போய்ச் சேர்ந்த கோப்போ கடைக் கணினியின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் திறந்தே கிடக்கும். கோப்பையே பூட்டி அனுப்பினால்தான் அதற்குப் பிறகும் பாதுகாப்பு.

கடவுச்சொல் இருப்பதாலேயே ஒரு கோப்பு பாதுகாப்பாகிவிடாது. தரவிறக்கும் இ-ஆதார் பிடிஎஃப்பின் கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்தது. பெயர் தெரிந்தவர் ஏறத்தாழ 100 ஆண்டுகளை மாற்றிப் போட்டாலே அது திறந்துவிடும். எனவே அதை அப்படியே அனுப்பாமல் மீண்டும் ஒருமுறை பூட்டியே அனுப்ப வேண்டும்.

மென்பொருளைத் தேர்வதற்கு நான்கு அளவுகோல்கள் போதும்: மூல நிரல் வெளிப்படையாக இருத்தல், ஏஇஎஸ்-256 போன்ற நன்கு ஆராயப்பட்ட முறையைப் பயன்படுத்துதல், வெளியாரின் ஆய்வுக்கு உட்பட்டிருத்தல், தொடர்ந்து பராமரிக்கப்படுதல். கடைசி அளவுகோலின் அருமையை ட்ரூகிரிப்ட் காட்டியது. உலகெங்கும் நம்பப்பட்ட அந்த மென்பொருளை அதன் பெயர் வெளியிடாத உருவாக்குநர்கள் 2014 மே மாதம் திடீரெனக் கைவிட்டனர்.

ஒரு கோப்பை ஒருவருக்கு அனுப்ப மிக எளியது 7-ஜிப். இகோர் பாவ்லோவ் 1999 முதல் உருவாக்கிவரும் இது விண்டோஸில் சில வினாடிகளில் நிறுவப்படுகிறது. கோப்பின் மேல் வலது கிளிக் செய்து, ‘ஆட் டு ஆர்க்கைவ்’ சாளரத்தில் இரண்டு இடங்களைக் கவனிக்க வேண்டும். வடிவம் ‘7இசட்’ ஆக இருக்க வேண்டும். அதில் ஏஇஎஸ்-256 தானாகவே வரும். ‘ஜிப்’ வடிவத்தைத் தேர்ந்தால், மாற்றாதவரை ஜிப்கிரிப்டோ என்ற பழைய முறைதான் அமையும். அதை உடைக்கும் வழி 1994லேயே வெளியாகிவிட்டது. அடுத்து, ‘என்க்ரிப்ட் ஃபைல் நேம்ஸ்’ கட்டத்தில் டிக் செய்ய வேண்டும். இல்லையென்றால் உள்ளடக்கம் மறைந்தாலும் கோப்புகளின் பெயர்கள் வெளியே தெரியும். குறைகளும் உண்டு. 7-ஜிப் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளாது; பாதுகாப்புத் திருத்தம் வரும்போதெல்லாம் அதிகாரப்பூர்வத் தளமான 7-ஜிப் டாட் ஆர்க்கிலிருந்து நாமே நிறுவ வேண்டும். ஆண்ட்ராய்டுக்கு அதிகாரப்பூர்வச் செயலியும் கிடையாது.

பென்டிரைவ் முழுவதையும் பூட்ட வெராகிரிப்ட் சிறந்தது. ட்ரூகிரிப்டிலிருந்து 2013இல் கிளைத்த இதைக் குவார்க்ஸ்லேப் நிறுவனம் 2016இல் ஆய்வு செய்து 8 கடுமையான குறைகளைக் கண்டது. பெரும்பாலானவை அதற்கடுத்த பதிப்பிலேயே சரிசெய்யப்பட்டன. குறைகள் வெளிப்படையாகத் தெரிவிக்கப்பட்டுத் திருத்தப்படுவதே நம்பிக்கைக்கு ஆதாரம். ஆனால் விண்டோஸில் நிர்வாகி உரிமை இல்லாத பொதுக் கணினியில் இதை இயக்குவது கடினம். கூகுள் டிரைவ் போன்ற இடங்களில் வைக்கும் ஃபோல்டருக்கு ஜெர்மனியின் கிரிப்டோமேட்டர் பொருந்தும். கணினியில் இலவசம், கைப்பேசியில் முழு வசதிக்குப் பணம் கட்ட வேண்டும்.

கடவுச்சொல்லையே பகிராமல் அனுப்ப விரும்புவோருக்கு ஜிஎன்யு பிஜி உண்டு. விண்டோஸில் இது ஜிபிஜி4வின் தொகுப்பாகக் கிடைக்கிறது. பெறுபவர் தன் பொதுத் திறவுகோலைத் தருகிறார். அதைக்கொண்டு பூட்டியதை அவரிடமுள்ள தனித் திறவுகோல் மட்டுமே திறக்கும். 2013இல் எட்வர்ட் ஸ்னோடன் பத்திரிகையாளர்களோடு தொடர்புகொள்ள நாடியது இந்த முறையைத்தான். கற்றுக்கொள்ளச் சற்று நேரம் பிடிக்கும். அலுவலகமும் ஆடிட்டரும் மாதந்தோறும் பரிமாறிக்கொள்வதானால் அந்த உழைப்பு வீண்போகாது.

எந்த மென்பொருளானாலும் கடவுச்சொல் பலவீனமானால் பயனில்லை. ஊர்ப் பெயர், குலதெய்வத்தின் பெயர், பிறந்த ஆண்டு மூன்றையும் தவிர்த்து, ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஆறு சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்தால் வலுவாகும். தமிழ் எழுத்தில் வைத்தால் தமிழ் விசைப்பலகை இல்லாத கணினியில் தட்டச்சு செய்ய முடியாது. கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கடவுச்சொல்லைத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே வழியில் போகக் கூடாது. மறந்துவிட்டால் மீட்டுத் தர யாராலும் முடியாது என்பதால் அதைத் தாளில் எழுதி வீட்டில் பத்திரப்படுத்துவது நல்லது. கடைக் கணினியில் திறந்த கோப்பை, வேலை முடிந்ததும் ரீசைக்கிள் பின்னிலிருந்தும் நீக்கச் சொல்ல வேண்டும்.

பெரும்பாலான வீடுகளுக்கும் சிறு தொழில்களுக்கும் 7இசட் வடிவில் பூட்டிய 7-ஜிப் கோப்பே போதுமானது. பென்டிரைவுக்கு வெராகிரிப்ட், இணையச் சேமிப்புக்குக் கிரிப்டோமேட்டர், தொடர் பரிமாற்றத்துக்கு ஜிஎன்யு பிஜி எனத் தேவைக்கேற்பத் தேர்ந்துகொள்ளலாம்.